கூடாரத்தின் நான்காவது கால்

கூடாரத்து ஓரப் பாய்த்தட்டி மூன்றாவது முறையாக முகத்தில் வந்து விழுந்தபோது அமுமுன் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கண்ணை மூடியபடி, குழாய்க் கிணற்றுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஆற்ற வேண்டிய தலைமை உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியோர்களே" என்பதற்கும் "இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில்" என்பதற்கும் நடுவே தட்டி சரிந்து மூக்கில் இடித்தது. அதை விலக்கி எழுந்து உட்கார்ந்தால், தட்டி இருந்த இடத்தில் வெள்ளாடு ஒன்று நின்றது. அதன் வாயில் காகிதம். குழுத் தலைவராக அவனை நியமித்த கடிதத்தின் முதல் பக்கம் ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் ரப்பர் முத்திரை இருந்த மூலையை மட்டும் ஆடு துப்பிவிட்டது. மையின் கசப்பு அதற்குப் பிடிக்கவில்லை போலும்.

ஆட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூடாரத்தின் வாசலில் இடப்பக்கம் நிற்க வேண்டிய, செதுக்கு வேலை செய்த மரக்கால் அங்கே இல்லை. தட்டியை நிமிர்த்திப் பிடிப்பது அந்தக் கால்தான். அது போய் ஐந்து நாளாகிறது. பதிலுக்கு ஒரு வேலங்கொம்பை நட்டுப் பார்த்தான்; காற்றடித்தால் கொம்பு வளைகிறது, தட்டி விழுகிறது, ஆடு வருகிறது.

கால் எப்படிப் போயிற்று என்பதை அமுமுன் இரண்டு விதமாகச் சொல்லுவான். மற்றவர்களிடம், "விருந்தாளிக்குக் கொடுத்தேன்" என்பான். தனக்குத் தானே எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டான். நடந்தது இவ்வளவுதான். குழாய்க் கிணற்றைத் திறந்துவைக்கத் தலைநகரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வெள்ளை வண்டியில் வந்தார். எதற்கு ஆலோசகர் என்று யாருக்கும் தெரியாது; கேட்பது மரியாதையில்லை. கைப்பிடியை இரண்டு முறை அழுத்தினார், தண்ணீர் வந்தது, நாற்பது பேர் கை தட்டினார்கள். பிறகு தேநீருக்காக அமுமுனின் கூடாரத்துக்கு வந்தவர் வாசல் காலில் கையை வைத்து, "ஆஹா, இதுவல்லவா நம் நாட்டின் ஆன்மா" என்றார். அமுமுன் நெஞ்சை நிமிர்த்தி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி, "அது உங்களுடையது" என்றான்.

பாராட்டினால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் மறுக்க வேண்டும். இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. விருந்தாளி "வேண்டாம், வேண்டாம்" என்று மூன்று முறை சொல்லியிருக்க வேண்டும். ஆலோசகர், "ரொம்ப நன்றி" என்றார். ஓட்டுநர் வந்து, பல்லைப் பிடுங்குவது போலக் காலை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கி, வண்டியில் உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். அமுமுன் புன்னகையோடு நின்றான். இங்கே ஆண்கள் கட்டும் முகத்துணி மூக்குவரை இருந்ததால் புன்னகையை யாரும் பார்க்கவில்லை. அது இல்லை என்பதையும் யாரும் பார்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், கால் அவனுடையதல்ல. கூடாரமே அவனுடையதல்ல. தோல், பாய், கட்டில், வெண்ணெய்ப் பை, நான்கு செதுக்குக் கால்கள் எல்லாம் அவன் மனைவி தெகியா கல்யாணத்தன்று தன் அம்மாவின் முகாமிலிருந்து கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்தவை. அமுமுனுக்கு அதில் சொந்தமானவை ஒட்டகச் சேணம், வாள், தேநீர்க் கெண்டி, குழுவின் ரப்பர் முத்திரை ஆகிய நான்கு மட்டும். போன வருஷம் கூமார் என்பவன் மனைவியிடம் ஏதோ வாய் விட்டுவிட்டு உப்பு வாங்கச் சந்தைக்குப் போனான். திரும்பி வந்தால் கூடாரம் இருந்த இடத்தில் மணல் வழவழவென்று சதுரமாக இருந்தது. சதுரத்தின் நடுவில் அவனுடைய சேணம் தனியாக உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயதில் கூமார் இப்போது தன் தாயார் கூடாரத்துக்குப் பின்னால், ஆட்டுக் குட்டிகளோடு படுக்கிறான். குழுக் கூட்டத்தில் அவன் எழுந்து பேசினால் யாரும் கேட்பதில்லை.

தெகியா ஊரில் இல்லை. தங்கைக்குக் கல்யாணம். புதுக் கூடாரத்துக்குத் தோல் தைக்கும் வேலைக்காக ஒரு மாதம் முன்பே பிள்ளைகளோடு தாய் முகாமுக்குப் போயிருந்தாள். "கூடாரம் இங்கயே இருக்கட்டும், தலைவர் நீ ரோட்டுல உக்காந்தா நல்லாருக்காது" என்று சிரித்துவிட்டுத்தான் போனாள். அமுமுனுடைய அத்தை மகள்தான் அவள். சின்ன வயதிலிருந்தே அவனைப் பார்த்துச் சிரித்துப் பழகியவள்.

ஆடு கடிதத்தைத் தின்ற அதே நாள் மத்தியானம், வெங்காய வியாபாரி ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கம்பங்கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"தெகியா ஒரு சேதி சொல்லி விட்டுச்சுண்ணே. தங்கச்சி கூடாரத்துக்குக் கால் செதுக்குறாங்களாம். மாதிரிக்கு உங்க வாசக்கால் வேணுமாம். எடப்பக்கம் இருக்குமாமே, அது. கல்யாணத்துக்கு வர்றப்ப நீங்களே கொண்டாரணுமாம்."

"எந்தப் பக்கம்னு சொன்னா?"

"எடப்பக்கம்." வியாபாரி வாசலைப் பார்த்தான், வேலங்கொம்பைப் பார்த்தான், பிறகு தன் டம்ளரின் அடியைக் கவனமாகப் பார்த்தான். "இன்னும் பன்னண்டு நாள் இருக்குண்ணே."

ஆசாரி அந்திலோ தன் நிழற்பந்தலில் கால் விரல்களுக்கு நடுவே ஒரு அகப்பையைக் கவ்விப் பிடித்து இழைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஆசாரிகளுக்கு வெட்கம் கிடையாது என்பது பொதுவான அபிப்பிராயம். பெரிய இடத்து ஆட்கள் முகத்துணிக்குள் வைத்துப் புழுங்குவதையெல்லாம் ஆசாரி வாயால் சொல்லிவிடலாம். அதனாலேயே பெண் கேட்கவும் சண்டை தீர்க்கவும் அவனைத்தான் அனுப்புவார்கள். நாலு பேர் இருந்தால் அந்திலோ அமுமுனை "தலைவர் அவர்களே" என்பான். தனியாக இருந்தால் வேறு.

"ஒரு கால் செதுக்கணும் ஆசாரி. பத்து நாளுக்குள்ள. பழசு மாதிரியே இருக்கணும்."

"குடுத்தத திருப்பிக் கேட்டு வாங்குறத விட்டுட்டு?"

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பரம்பரை அல்ல எங்களுடையது."

"சரி, மேடையிலேர்ந்து எறங்கு. அதுல என்ன இருந்துச்சு?"

"செதுக்கு வேல."

"அது தெரியும்யா. என்ன செதுக்கு வேல?"

அமுமுன் யோசித்தான். "நல்ல செதுக்கு வேல."

அந்திலோ அகப்பையைக் கீழே வைத்தான். "ஒம்போது வருஷம். அதுக்குக் கீழதான படுத்துத் தூங்குற?"

"தூங்குறப்ப கண்ண மூடித்தானய்யா தூங்குவாங்க."

"முழிச்சிருக்கறப்ப?"

"முழிச்சிருக்கறப்ப வெளிய இருப்பேன். கூட்டம் இருக்கும்." பிறகு சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தவனாக, "வலப்பக்கத்துக் கால் அப்படியே இருக்கே! அதப் பாத்து செஞ்சிரு" என்றான்.

ஆசாரி சிரித்த சிரிப்பில் பந்தலுக்குப் பின்னால் கழுதை காதைத் திருப்பியது. உள்ளே தோல் தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி தின்னா ஊசியோடு எட்டிப் பார்த்தாள். "இங்க பாரு தின்னா, தலைவர் சொல்றத. ரெண்டு காலும் ஒண்ணாம்!" என்று அவளிடம் சொல்லிவிட்டு அமுமுன் பக்கம் திரும்பினான். "யோவ், ஒரு கூடாரத்துல ரெண்டு கால் ஒரே மாதிரி செதுக்குனா அவன் ஆசாரியே இல்ல. எது எந்தக் குழின்னு பொம்பள இருட்டுல தடவிப் பாத்தே நடணும். போய்க் கேட்டுட்டு வா. பாத்தவங்க யாராச்சும் இருப்பாங்க. நான் வெளிய உக்காந்து டீ குடிச்ச ஆளு, எனக்குக் காலோட முதுகுப் பக்கந்தான் தெரியும். முதுகுல ஒண்ணுங் கெடையாது."

யாரிடம் கேட்பது? தெரிந்தவள் அத்தை. தெகியாவின் அம்மா. ஆனால் அத்தை இப்போது மாமியார். அவள் முன்னால் உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. அவள் வருகிற வழியில் எதிர்ப்பட்டால் முள் புதருக்குள் புகுந்துகொள்ள வேண்டும். அப்படி இரண்டு முறை புகுந்து கீறல் பட்டிருக்கிறான். வாசக்காலைப் பற்றி அவளிடம் விசாரிப்பதைவிட ஆலோசகரைத் தேடித் தலைநகருக்கு நடந்தே போய்விடலாம்.

எனவே பக்கத்துக் கூடாரத்திலிருந்து தொடங்கினான். மினாத்து என்று ஒருத்தி. இரண்டு கணவர்களைச் சேணத்தோடு மணலில் விட்டுவிட்டு வந்தவள். தெகியாவின் சிநேகிதி. அமுமுன் வந்து உட்கார்ந்து, ஆட்டின் நலம், மழையின் நலம், கிணற்றின் நலம் எல்லாம் விசாரித்துவிட்டு, அவளுடைய கூடாரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சாக்குக்காகத்தான் பார்த்தான். அகலமான தலை, அதில் முக்கோணங்கள், வரிசைக்கு ஐந்து. ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு. மறுபடி எண்ணினான். ஆறுதான். கடைசி முக்கோணத்துக்கு இடம் போதாமல் ஆசாரி அதை ஒருக்களித்து நுழைத்திருந்தான், நிறைந்த வண்டியில் கடைசி ஆள் தொற்றுவது போல. பிசகா, விளையாட்டா? யாரும் எண்ணப்போவதில்லை என்ற தைரியமா?

"என்னய்யா," என்றாள் மினாத்து, "என்னப் பாக்க வந்தியா, கம்பத்தப் பாக்க வந்தியா? ரெண்டுமில்லன்னா எந்திரி. ஒனக்கு டீ ஊத்தியே என் சீனி தீருது."

"இங்க பாரு, இதுல ஆறு இருக்கு."

"என்ன ஆறு?"

"முக்கோணம். மத்ததுல அஞ்சுதான்."

மினாத்து திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் விரலால் தொட்டு எண்ணினாள். "ஆமாண்டி," என்றாள் தனக்குத் தானே. பதினெட்டு வருஷமாக அவளுடைய காலாம் அது. பிறகு, பார்க்காமல் இருந்ததற்கு அவன்தான் காரணம் என்பதுபோல் முறைத்தாள். "நீ கேக்க வந்தது தெரியும். தெகியா கூடாரக் காலுல ஓட்டை இருந்துச்சு. உள்ளங்கை அகலம். வெண்ணெப் பைய அதுலதான் மாட்டுவா. போதுமா? போ."

அமுமுன் போனான், ஆனால் வீட்டுக்கு அல்ல. அடுத்த கூடாரத்துக்கு. அங்கே ஓட்டையே கிடையாது, கவட்டைதான் இருந்தது என்று சத்தியம் செய்தார்கள். அதற்கடுத்ததில், மேலே பிறை மாதிரி இருக்கும் என்றார்கள். ஆசாரியின் மனைவி தின்னா, "அடியில ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். ஒங்க பெரியவ பொறந்தப்ப அடுப்புக் கொள்ளி சாஞ்சு விழுந்துச்சே, மறந்துட்டியா?" என்றாள். அவன் மறக்கவில்லை, அவனுக்குத் தெரியவே தெரியாது. அன்று அவன் ஏதோ கூட்டத்தில் இருந்தான்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று போகப் போக அவன் கேட்பது குறைந்து பார்ப்பது கூடிற்று. ஒவ்வொரு வாசலிலும் நின்றான். ஒரு கூடாரத்தில் காலைத் தலைகீழாக நட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒன்றில் செதுக்கின கோடு பாதியில் நின்றுவிட்டது; மரத்தில் முடிச்சு வந்ததால் ஆசாரி கோட்டை அதைச் சுற்றி ஓட்டி, முடிச்சை ஒரு கண்ணாக்கி, அதற்கு இமையும் போட்டிருந்தான். இத்தனை நாள் இந்தக் கண்கள் எல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் இருந்தது. ஆறு பேர் குழாயடியில் காத்திருந்துவிட்டுப் போனார்கள். தலைவர் அந்த நேரத்தில் ஒரு கிழவரின் கூடாரத்துக்குள் குப்புறப் படுத்து, காலின் அடிப்பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்டாட்டி இல்லாத நேரத்தில் ஒருவன் கூடாரம் கூடாரமாக நுழைந்து, ஒன்றும் பேசாமல், பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே பொருள்தான். "ரெண்டாவது பாக்குறான்" என்றார்கள். மினாத்துவை என்று சிலர், மினாத்து கேட்டுக்கொண்டிருந்தால் வேறொருத்தியை என்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் தன் கூடாரத்தில் வழக்கமான இடத்தில் படுத்தான். கண்ணை மூடினான். உரை எதுவும் வரவில்லை. என்ன தோன்றிற்றோ, இடது கையைத் தலைக்கு மேலே நீட்டினான். படுத்தபடியே வாளை மாட்டக் கை தானாகப் போகும் உயரம் அது. அங்கே இப்போது வெறுங்காற்று. ஆனால் கட்டை விரலுக்குத் தெரிந்தது: மூன்று வெட்டு, ஒரு வழுக்கல், மறுபடி இரண்டு. வழுக்கலில்தான் விரல் நிற்கும். ஒன்பது வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறது. அவன் எழுந்து செருப்பில்லாமல் ஆசாரியின் பந்தலுக்கு ஓடினான்.

"மூணு வெட்டு! அப்புறம் வழுக்கல்! அப்புறம் ரெண்டு!"

"கண்ணால பாத்தியா?"

"கையால."

அந்திலோ ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தான். வேல மரத்துண்டை இழுத்து, வாய்ச்சியால் முதல் சிராயைத் தள்ளினான்.

ஓட்டையா கவட்டையா என்ற வழக்கில் ஓட்டை வென்றது, பிறை தள்ளுபடியாயிற்று. தழும்பைப் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வைத்தார்கள். மீதி இடங்களை ஆசாரி தன் போக்கில் நிரப்பினான். ஒரு வரிசை மட்டும் சாய்ந்துவிட்டது, கழுதை பந்தலின் கயிற்றை மெல்வதைப் பார்த்து அவன் திரும்பித் திட்டிய நேரத்தில். "விடு, பழசுன்னா கோணல் இருக்கும்" என்றான். பிறகு வெண்ணெய் பூசி, சாணப் புகையில் இரண்டு நாள் தொங்கவிட்டு, ஆடுகளை அதில் உரசவிட்டார்கள். பத்தாம் நாள் அது ஒன்பது வருஷத்துக் காலாக வெளியே வந்தது.

இரண்டு நாள் பயணம். ஒட்டகத்தில் தனக்கு முன்னால் காலைக் கட்டிவைத்துக்கொண்டான். பாதி வழியில் அதோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்து வாயை மூடினான்.

தாய் முகாமில் நாற்பது பெண்கள் புதுக் கூடாரத்தின் தோலைச் சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அமுமுன் கண் மட்டும் தெரியும்படி முகத்துணியை ஏற்றிக் கட்டி, முப்பது அடி தள்ளி, பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்தான். காலை மட்டும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். பாய்த்தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் காற்றைப் பார்த்துப் பேசியது.

"அங்க யாரோ வந்திருக்காங்களாமே. கூழ் குடிச்சாங்களான்னு கேளுங்கடி. கால் பத்திரமா வந்திருச்சுன்னு சொல்லுங்க."

பிறகு மரத்தில் வளையல் உரசும் சத்தம். அத்தை காலைத் தடவிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அமுமுனின் கழுத்தில் வேர்வை ஒரு கோடு இழுத்தது. இந்தப் பக்கம் வாழ்ந்தது போதும், கூமாருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடமிருக்குமா என்று யோசித்தான்.

"இதேதான்," என்றது குரல். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இந்த மூணு வெட்டு இருக்கே, எங்கப்பா தோண்டுன மூணு கெணறு. இந்த ஓட்டை, வந்தவங்களுக்கு எல்லாம் தொறந்த வாசல். இங்க பாருங்கடி, இந்த வரிசை சாஞ்சிருக்கே, சும்மா இல்ல. நான் பொறந்த வருஷம் மழ சாஞ்சு அடிச்சுச்சாம். அத ஞாபகம் வச்சு செதுக்குனது. இப்ப எவன் செதுக்குறான் இப்படி?"

பெண்கள் "ஆமா, ஆமா" என்று நாக்கைத் தட்டினார்கள். முகாமின் ஆசாரி முழங்காலிட்டு, நாரால் அளந்து, புது மரத்தில் அப்படியே செதுக்கத் தொடங்கினான். சாய்வையும் சேர்த்துத்தான். சாய்வில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தான். நாளைக்கு இந்தத் தங்கையின் மகளுக்கும் அவள் மகளுக்கும் மழை சாய்ந்தே பெய்யும். அந்திலோவின் கழுதைக்கு இவ்வளவு பெரிய கௌரவம் கிடைக்கும் என்று யார் கண்டார்கள்?

தெகியா மட்டும் தைப்பதை நிறுத்தினாள். ஊசியை மடியில் வைத்துவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கூடாரம் எழுந்தபோது ஓரத் தட்டிகளை இழுத்துக் கட்ட ஆள் போதவில்லை என்று அவனைக் கூப்பிட்டாள். யாரும் இல்லாத பின்பக்கம். அவன் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் குழியில் மணலைப் போட்டு மிதித்தாள்.

"அந்த ஆலோசகரு," என்றாள் மிதித்துக்கொண்டே, "அதத் தொட்டுப் பாத்தாரா?"

அமுமுன் அவள் பக்கம் திரும்பினான், கம்பும் கூடவே திரும்பியது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ குடுத்த மூணாம் நாளு. வெங்காயக்காரன் சொன்னான். நேராப் புடி."

"அப்புறம் எதுக்கு அதையே கேட்டு விட்ட?"

"நீ என்ன கொண்டாருவேன்னு பாக்கத்தான்." அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத தெகியாவை அவன் அதிகம் பார்த்ததில்லை. "வேலங்கொம்பு ஒண்ண எடுத்துக்கிட்டு வந்து, கரையான் தின்னுருச்சுன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. எங்க தொட்டாரு?"

அமுமுன் வாயைத் திறந்தான். விருந்தோம்பல், பரம்பரை, பள்ளத்தாக்கின் பெருமை எல்லாம் தொண்டைவரை வரிசையாக வந்து நின்றன. "தெரியாது," என்றான். "நான் அவரப் பாக்கல. கூட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். தலையில் விழுந்திருந்த கறுப்புத் துணியைச் சரி செய்துகொண்டு, குழியைப் பார்த்தபடியே நின்றாள்.

"மினாத்துகிட்ட போனியாம். வீடு வீடாப் போனியாம்."

"அது காலப் பாக்கத்தான். அவளோடதுல ஒரு வரிசையில ஆறு முக்கோணம், தெகியா. மத்ததுல அஞ்சு. அவளுக்கே தெரியாது. கிழவர் கூடாரத்துல ஒண்ணு, முடிச்சுல கண்ணு வச்சிருக்கான், இமையெல்லாம் போட்டு…" கை இரண்டையும் விட்டுவிட்டுக் காற்றில் வரைந்து காட்டினான். கம்பு சரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். "அத்த சொன்னது எதுவும் நெசமில்ல," என்றான் குரலைத் தாழ்த்தி. "சாஞ்ச வரிசை, ஆசாரியோட கழுத."

"அம்மாவுக்கு அந்தக் கால் எப்படி இருந்துச்சுன்னே தெரியாது."

"உனக்கு?"

"எனக்குத் தெரியும்."

"என்னதான் இருந்துச்சு அதுல?"

இந்தக் கேள்வியை அவன் தப்பிப்பதற்காகக் கேட்கவில்லை. பத்து நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அது. தின்னாவின் தழும்பும் மினாத்துவின் ஓட்டையும் அவன் விரலும் சேர்ந்தால்கூட பாதிக் கால்தான் ஆயிற்று. மீதிப் பாதியில் என்ன என்று தெரியாமல் செத்துப்போனால் அது பெரிய அநியாயம் என்று தோன்றியது. தெகியா நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். முகத்தில் தெரிகிற இடம் அது ஒன்றுதான். அங்கே எதையோ தேடுவது போல் வெகுநேரம் பார்த்தாள்.

"வர்றப்ப சொல்றேன்," என்றாள்.

"எதுக்கு வருவ?"

"என் கூடாரம் அங்க இருக்கு. அதுக்கு நான் வரணுமில்ல."

கல்யாணம் ஏழு நாள் நடந்தது. பறை அடித்தார்கள், ஒட்டகங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள், அத்தை சாய்ந்த மழையின் கதையைப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். எட்டாம் நாள் அமுமுன் தனியாகக் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்து பதினோராம் நாள். குழு அவனுக்குப் பதிலாகக் கூமாரைத் தலைவராக்கியிருந்தது. வேறு வேலை இல்லாதவன் அவன் ஒருவன்தான் என்று. அமுமுன் முத்திரையைக் கொடுத்துவிட்டான். ஒரு வார்த்தைகூட உரையாற்றாமல் கொடுத்தது எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. பகலெல்லாம் கூடாரத்துக்குள் இருந்தான். மீதி மூன்று கால்களை வெள்ளை மணலால் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொன்றாகப் படித்து முடித்திருந்தான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு மணலில் வரைவான், தலையைத் திருப்பாமல்.

அன்று வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அந்திலோ தன் கெண்டியோடு வந்து உட்கார்ந்தான். முதல் சுற்றுத் தேநீரை ஊற்றும்போதே வடக்கே, பாறைகளுக்கு நடுவில் வறண்ட ஓடை திரும்பும் இடத்தில், தூசி தெரிந்தது.

"தாய் முகாம் பக்கந்தான்," என்றான் ஆசாரி. டம்ளரைக் கீழே வைத்தான். "கழுதய எண்ணிக்க. ஒரு கழுதைன்னா பிள்ளைகளும் மூட்டையுமா வாழ வர்றா. மூணுன்னா…"

"தெரியும்."

"கூடாரத்தப் பிரிச்சு ஏத்த ரெண்டு வேணும், கட்டிலுக்கு ஒண்ணு."

"தெரியும்னேன்ல."

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். தூசிக்குள் முதலில் ஒரு கறுப்புத் துணி அசைந்தது. நடை தெகியாவுடையது, அதில் சந்தேகமில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கழுதை.

"ஒண்ணு!" என்றான் அந்திலோ. பிறகு, "இல்ல, இரு," என்றான்.

மணல் கொதித்துக் கானல் ஓடியது. கழுதையின் கால்கள் நீண்டு, தரையிலிருந்து அறுந்து, தண்ணீரில் மிதப்பது போல் மிதந்தன. அதன் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை முளைத்தது, இரண்டும் மூன்றாகப் பிளந்தன, மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று போய் மறுபடி ஒன்றாயின. அமுமுன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, இமைக்காமல், வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.